மலிவான பவர்டு ஸ்பீக்கரில் மாடலர் ஏன் கொசு மாதிரி ஒலிக்கிறது?

நீங்கள் எழுதியதன் சாரம் இது: வீட்டில் ஹெட்போனில் கேட்டால் மாடலரின் (கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர், எஃபெக்ட் ஒலிகளை டிஜிட்டலாகப் போலச் செய்யும் பெட்டி) டோன் பிரமாதமாக இருக்கிறது. அதையே ஞாயிறு ஆராதனையில் சபையின் 12 இஞ்ச் பவர்டு (ஆம்ப் உள்ளேயே இருக்கும்) ஸ்பீக்கரில் செருகினால் கிளீன் டோன் மொத்தையாகவும், டிஸ்டார்ஷன் (கரகரப்பான ராக் டோன்) கொசு ரீங்காரம் மாதிரியும் ஆகிவிடுகிறது. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. எஃப்.ஆர்.எஃப்.ஆர் (எல்லா ஒலியையும் கூட்டாமல் குறைக்காமல் தருவதாகச் சொல்லும் ஸ்பீக்கர்) என்று பெயர் போட்ட பெட்டி வாங்கலாமா, கூட்டங்களுக்கு வைக்கும் சாதாரண பி.ஏ. ஸ்பீக்கரா, பேசாமல் கிட்டார் ஆம்பே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். எந்த மாடல் வாங்குவது என்று கேட்பதுபோல் இருந்தாலும், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது குற்றம் ஸ்பீக்கருடையதா, நீங்கள் செட் செய்து வைத்த டோனுடையதா என்பதைத்தான். அது தெரியாமல் பணத்தைப் போட்டால் புதுப் பெட்டியிலும் அதே கொசுதான் பாடும். நான் பல வருடமாகக் கச்சேரி மேடைகளிலும் தேவாலயங்களிலும் சவுண்ட் பார்ப்பவன். கிட்டாரும் வாசிப்பேன், ஆனால் என்னைக் கிட்டாரிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அதனால் டோன் ரசனை பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்தும், ஸ்பீக்கர் பற்றிச் சொல்வதை நம்பியும் படியுங்கள்.

முதலில் நிச்சயமான விஷயம். கிட்டார் ஆம்புக்குள் இருக்கும் ஸ்பீக்கர் முழு ஒலியையும் தருவதில்லை. செலஸ்டியன் வின்டேஜ் 30 என்ற பிரபலமான 12 இஞ்ச் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்யும் எல்லை என்று அந்தக் கம்பெனியே போடுவது 70 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரைதான். உயர்ந்த ஒலிகளுக்கான தனிச் சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், கிடையாது. டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வரும் கரகரப்பில் பெரும்பகுதி 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதை ஸ்பீக்கரே வெட்டிவிடுவதால்தான் கிட்டார் நமக்குக் கிட்டாராகக் கேட்கிறது. பவர்டு ஸ்பீக்கரோ 20 கிலோஹெர்ட்ஸ் வரை பாடக்கூடியது, உயர்ந்த ஒலிகளை வீசும் ஹார்ன் வேறு இருக்கிறது. அதனால் மாடலர் அந்த வெட்டும் வேலையை உள்ளேயே செய்து அனுப்ப வேண்டும். கேப் சிமுலேஷன் (கேபினட் என்ற ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்வது), ஐ.ஆர் (நிஜக் கேபினட்டின் ஒலித் தன்மையைப் பதிந்து வைத்த ஃபைல்) எல்லாம் அதற்குத்தான். உங்கள் பேட்சில் (மாடலரில் சேவ் செய்து வைத்த டோன் செட்டிங்) கேப் பிளாக் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், மேடையில் கொசு சத்தம் வந்த பல தடவை காரணம் இதுதான். யாராவது ஒருநாள் கிட்டார் ஆம்பில் வாசிக்கக் கேப்பை ஆஃப் செய்திருப்பார், அது அப்படியே சேவ் ஆகியிருக்கும்.

இதில் இன்னொரு உண்மையும் ஒளிந்திருக்கிறது. ஐ.ஆர் என்பது ஸ்பீக்கரின் ஒலி மட்டுமல்ல. அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் ஒட்டி வைத்த மைக் பிடித்த ஒலி. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து முழு வீச்சு ஸ்பீக்கர் வாங்கினாலும், அதில் கேட்பது மைக் வைத்து ரெக்கார்ட் செய்த ஆம்பின் ஒலியாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஓர் ஆம்ப் நின்று நெஞ்சில் இடிக்கிற உணர்வு வராது. "அறைக்குள் ஆம்ப் இருப்பதுபோல" வேண்டும் என்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். அந்த உணர்வுதான் முக்கியம் என்றால் வழி வேறு: பவர் ஆம்பும் நிஜக் கிட்டார் கேபினட்டும் வைத்து, மாடலரின் கேப் பிளாக்கை அணைத்துவிட வேண்டும். சபையில் வாசிப்பவருக்கு அது தேவைப்படுவது அபூர்வம், ஏனென்றால் மக்கள் கேட்பது எப்படியும் மிக்ஸர் வழியாகப் போகும் ஒலியைத்தான்.

சரி, ஸ்பீக்கரைச் சந்தேகிப்பதா வேண்டாமா? இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. உங்களுக்கு மனப்பாடமான, நன்றாக ரெக்கார்ட் செய்யப்பட்ட, கிட்டார் தெளிவாகக் கேட்கும் ஒரு பாட்டை போனிலிருந்து வயர் போட்டு அதே ஸ்பீக்கரில், மாடலர் செருகுகிற அதே இடத்தில், நீங்கள் வாசிக்கிற அதே சத்தத்தில் ஓட்டுங்கள். பின்னால் உள்ள டோன் திருகுகள் நடுவில் இருக்கட்டும். பாட்டு சரியாகக் கேட்டால், அதில் வரும் கிட்டார் கிட்டாராகக் கேட்டால், ஸ்பீக்கர் நிரபராதி. பிரச்சினை பேட்சில்தான். பாட்டே மொத்தையாகவோ காதைக் குத்துவதாகவோ இருந்தால் ஸ்பீக்கர், அல்லது அது வைக்கப்பட்ட இடம், அல்லது அதற்குள் யாரோ ஆன் செய்துவைத்த பூஸ்ட். இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். போன் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பிக் கருத்து கேட்டிருந்தீர்கள். அதை வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். போன் மைக் பாஸைத் தின்றுவிடும், சத்தம் கூடினால் தானாகவே அமுக்கியும் விடும்.

என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பேர் விஷயத்தில் பேட்ச்தான் குற்றவாளி. அதற்கும் காது சார்ந்த ஒரு காரணம் உண்டு. 1933ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு இது: ஒரே ஒலியைச் சத்தம் குறைத்துக் கேட்கும்போது நம் காதுக்குப் பாஸ் அதிகமாகக் குறைந்து கேட்கிறது, மிக உயர்ந்த ட்ரெபிளும் கொஞ்சம் குறைகிறது. சத்தம் கூடக் கூட இரண்டும் எழுந்து வருகின்றன. இரவு பதினொரு மணிக்கு வீட்டார் தூங்கும்போது நீங்கள் செட் செய்த டோனில், குறைந்து கேட்டதை ஈடுகட்ட பாஸையும் ட்ரெபிளையும் உங்களை அறியாமலே ஏற்றியிருப்பீர்கள், நடுவில் உள்ள மிட்டை இறக்கியிருப்பீர்கள். அதை ஞாயிறு காலையில் டிரம்ஸோடு போட்டி போடும் சத்தத்தில் ஓட்டினால், ஏற்றிய பாஸ் மொத்தையாகவும் ஏற்றிய ட்ரெபிள் கொசுவாகவும் வெளியே வரும். உங்கள் இரண்டு புகாரும் ஒரே வேரிலிருந்து வருபவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதனால் செய்ய வேண்டியது: சபையில் யாரும் இல்லாத ஒரு மாலை, ஸ்பீக்கரை வாசிக்கிற சத்தத்துக்கே ஏற்றிவைத்து, அங்கேயே டோனைச் செட் செய்யுங்கள். பேட்சை முதலிலிருந்து கட்டுங்கள். ஓர் ஆம்ப், ஒரு கேப், அவ்வளவுதான். ரிவர்ப், டிலே எல்லாம் ஆஃப். கேப் பிளாக்கில் லோ கட், ஹை கட் என்று இரண்டு இருக்கும். முதலாவது வைத்த எண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டும், இரண்டாவது மேலே உள்ளதை. லோ கட்டை 80 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, மொத்தை தீரும்வரை ஏற்றுங்கள். 100, 120 வரை போனாலும் பயம் வேண்டாம். கிட்டாரின் கனமான ஆறாவது கம்பி திறந்து வாசித்தால் 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே கிட்டாரில் இசை எதுவும் இல்லை, மேடையில் நடக்கிற காலடி, உள்ளங்கை கம்பியில் படுகிற தட்டு இவைதான். ஹை கட்டை 8 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி இறக்குங்கள். பெரும்பாலும் 5க்கும் 6.5க்கும் நடுவே ஓர் இடத்தில் கொசு சட்டென்று செத்துவிடும், கிட்டாரின் கடி மட்டும் மிஞ்சும். அந்த இடத்தைத் தாண்டி இறக்கினால் போர்வை போர்த்தியதுபோல் ஆகும், கொஞ்சம் திரும்பி வாருங்கள். இந்த எண்கள் தொடக்கப் புள்ளிகள் மட்டுமே, ஐ.ஆருக்கு ஐ.ஆர் மாறும். சில ஐ.ஆர்கள் மைக்கை ஸ்பீக்கரின் நட்ட நடுவில் வைத்துப் பிடித்தவை. அவற்றில் எவ்வளவு வெட்டினாலும் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஊசி குத்தும். அவற்றோடு மல்லுக்கட்டாமல், மைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்த வேறு ஐ.ஆருக்கு மாறுவதே மேல்.

அப்புறம் கெயின், அதாவது டிஸ்டார்ஷனின் அளவு. வீட்டில் தனியாக வாசிக்கும்போது போதாது என்று தோன்றுகிற டிஸ்டார்ஷன், சத்தத்தில் போதும் போதும் என்று இருக்கும். பாதியாகக் குறையுங்கள். மிட்டை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் மூக்கால் பாடுவதுபோல, மெலிந்ததுபோல இருக்கும். கீபோர்டும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அதுதான் இடம் பிடித்து உட்காரும். கீபோர்டு வாசிப்பவர் இடது கையில் பாஸ் நோட் பிடிக்கும் சபைகளில் இது இரட்டிப்பு உண்மை, அந்தக் கையோடு உங்கள் கிட்டாரின் கீழ்ப்பகுதி மோதிக்கொண்டே இருக்கும். ரிவர்பைக் கடைசியில், கொஞ்சமே கொஞ்சம் சேருங்கள். உயரமான கூரையும் வெறும் சுவரும் உள்ள கட்டடம் ஏற்கெனவே வேண்டிய அளவு ரிவர்ப் போட்டுத் தந்துவிடும்.

இந்தத் திருத்தங்களை எங்கே செய்கிறீர்கள் என்பது முக்கியம், இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் மாடலரிலிருந்து ஒரு வயர் ஸ்பீக்கருக்கும் இன்னொரு வயர் மிக்ஸருக்கும் போகிறது என்றால், பேட்சுக்குள் செய்த திருத்தம் இரண்டுக்கும் போகும். ஸ்பீக்கரின் பின்னால் திருகியது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். கொசுவை ஸ்பீக்கரின் ட்ரெபிள் திருகில் குறைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக வாசித்துக்கொண்டிருக்க, மக்கள் பக்கம் அதே கொசு பாடிக்கொண்டிருக்கும். டோனின் குறையைப் பேட்சில் திருத்துங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைத்ததால் வரும் குறையை ஸ்பீக்கரில் திருத்துங்கள். தரையில் வைத்தால், அதிலும் மூலையில் வைத்தால், பாஸ் கூடிக் கேட்கும். அது இடத்தின் குணம், டோனின் குணமல்ல. சில மாடலர்களில் குளோபல் ஈக்யூ (எல்லாப் பேட்சுக்கும் பொதுவான டோன் திருத்தம்) எந்த அவுட்டுக்குப் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் அதுவும் இந்த வேலைக்கு உதவும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். எஃப்.ஆர்.எஃப்.ஆர் என்றால் முழு வீச்சு, சமமான பதில் என்று அர்த்தம். ஆனால் அது எந்தத் தர நிர்ணய முத்திரையும் அல்ல, யார் வேண்டுமானாலும் பெட்டியில் அச்சிட்டுக்கொள்ளலாம். மலிவு விலையில் பிரபலமான ஹெட்ரஷ் எஃப்.ஆர்.எஃப்.ஆர் வரிசையும், சாதாரண பி.ஏ. ஸ்பீக்கர் விற்கும் ஆல்டோவும் இன்மியூசிக் என்ற ஒரே குழுமத்தின் பிராண்டுகள். இதற்காக ஹெட்ரஷ் மோசம் என்று சொல்லவில்லை, பலர் சந்தோஷமாகப் பயன்படுத்துகிறார்கள். "கிட்டாருக்கென்றே செய்தது" என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்கிறேன். அதே விலையில் யமஹா டி.பி.ஆர், எலக்ட்ரோ வாய்ஸ் இசட்.எல்.எக்ஸ் போன்ற பி.ஏ. ஸ்பீக்கர், புதிதோ பழையதோ, கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். இது என் விருப்பம், நிரூபித்த உண்மையல்ல. காரணம் ஒன்றுதான்: நாளைக்குக் கிட்டாரை விட்டுவிட்டாலும் அது கூட்டத்துக்கு மைக் ஸ்பீக்கராக உழைக்கும், விற்றாலும் விலை போகும். பி.ஏ. ஸ்பீக்கர் வாங்கினால் ஒன்று மட்டும் கவனியுங்கள். பின்னால் மியூசிக், லைவ், ஸ்பீச், கிளப் என்று மோடுகள் இருக்கும், அல்லது யமஹாவில் உள்ளதுபோல டி-கான்டூர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பாஸும் ட்ரெபிளும் தூக்கிக் காட்டும் மோடு கிட்டாருக்கு விஷம். டி-கான்டூரை ஆஃபில் வையுங்கள், தரையில் சாய்த்து வைத்தால் மானிட்டர் நிலையை முயன்று பாருங்கள். உங்கள் சபை ஸ்பீக்கரிலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். பிரசங்கத்துக்கோ பாட்டு ஓட்டவோ யாராவது ஏதாவது மோடில் விட்டிருப்பார்கள்.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள். 8 இஞ்ச் பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருக்கும். அது கண்ணிமைக்கும் நேர உச்சம். யமஹா டி.பி.ஆர் 10க்கு உச்சம் 700 வாட், தொடர்ந்து தரக்கூடியது 325 வாட் என்று தனித்தனியாகவே போட்டிருக்கிறார்கள். ஒப்பிடுவதாக இருந்தால் இந்தத் தொடர் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல், காதுக்கு லேசான வித்தியாசம். இருமடங்கு சத்தமாகத் தோன்றுவதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். டிஸ்டார்ஷன் கிட்டாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சிலும் பாட்டிலும் உச்சத்துக்கும் சராசரிக்கும் நல்ல இடைவெளி இருக்கும், ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். டிஸ்டார்ஷன் என்பதே உச்சங்களை அமுக்கித் தட்டையாக்குவதுதான், அதனால் சராசரி உயர்ந்தே நிற்கும். மலிவான ஸ்பீக்கரில் லிமிட்டர் (அளவு மீறும் ஒலியை அமுக்கும் பாதுகாப்பு) விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது திணறுகிறது என்று பொருள். அந்தத் திணறல் முதலில் தெரிவது ஹார்னில், காதைக் கீறுகிற ஓர் எரிச்சலாக. கொசுவும் இதுவும் ஒன்றல்ல: சத்தத்தைக் கொஞ்சம் குறைத்ததும் போய்விடுவது திணறல், குறைத்த பிறகும் மிஞ்சி நிற்பது கொசு.

10 இஞ்சா 12 இஞ்சா என்பதில் மேடைக்காரர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. 12 இஞ்சில் கீழ்ப்பகுதி தாராளம். 10 இஞ்ச் தூக்கச் சுலபம், டி.பி.ஆர் 10 சுமார் பத்தரைக் கிலோதான். இந்த விலை ஸ்பீக்கர்களில் கீழ்ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரிலிருந்து ஹார்னுக்கு ஒலி கைமாறும் இடம் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, கிட்டாரின் கடி இருப்பதும் அங்கேதான். பெரிய வூஃபர் அந்த இடத்தை நெருங்கும்போது ஒலியைக் குறுகலாக நேரே வீசும், ஹார்ன் அகலமாக வீசும். அதனால்தான் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்கும்போது ஒரு டோனும், ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் வேறு டோனும் கேட்கிறது. இந்த விஷயத்தில் 10 இஞ்சுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. எதுவானாலும் காலடியில் ஒட்டி வைத்துக் கேட்காதீர்கள். ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி, முகம் பார்த்துச் சாய்த்து, அல்லது ஒரு ஸ்டூலின் மேல் வைத்துக் கேளுங்கள். கிட்டார் ஆம்பை முழங்காலால் கேட்டுப் பழகியவர்களுக்கு, காது உயரத்தில் வரும் ஹார்ன் முதல் வாரம் கொடூரமாகத்தான் தெரியும்.

ஸ்டுடியோ மானிட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து வாசிக்க அருமை. டிரம்ஸ் பக்கத்தில் 5 இஞ்ச் மானிட்டரை வைத்தால் அது கதறும், பிறகு கிழியும். கிட்டார் ஆம்ப் வாங்கினால் அதன் முன் இன்புட்டில் கேப் சிமுலேஷனோடு செருகாதீர்கள், ஆம்பும் ஸ்பீக்கரும் இரண்டு தடவை நடந்துவிடும். ஆம்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் (நேரே பவர் ஆம்புக்குப் போகும் இன்புட்), கேப் ஆஃப் செய்து செருகுங்கள்.

இணைப்பில் சில சின்ன விஷயங்கள். மாடலரிலிருந்து கேனன் (எக்ஸ்.எல்.ஆர்) வயர், அது இல்லையென்றால் ஸ்டீரியோ பி-38 (கால் இஞ்ச்) ஜாக் போட்ட பேலன்ஸ்டு வயர் எடுங்கள், தூரம் போனாலும் ஹம்மிங் குறைவு. ஸ்பீக்கர் இன்புட்டில் மைக், லைன் சுவிட்ச் இருந்தால் லைன். ஒரே ஸ்பீக்கர் என்றால் இடது அல்லது மோனோ என்று எழுதிய அவுட்டில் மட்டும் செருகுங்கள். வலதை மட்டும் செருகினால் பிங்-பாங் டிலேயில் பாதி காணாமல் போகும். ஹம்மிங் வந்தால் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் இருக்கும்போது கரண்ட் கசிந்தால் உயிர் போகும். ட்ராலி ஸ்பீக்கரின் புளூடூத்தில் மாடலரை இணைக்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். முடியாது. புளூடூத்தின் தாமதம் பொதுவாக 100 மில்லிசெகண்டைத் தாண்டும், கம்பியைத் தட்டிய பிறகு ஒலி நடந்து வரும்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்றால், இந்த மாதம் பணத்தைத் தொட மாட்டேன். சபை ஸ்பீக்கரின் மோடுகளை அணைத்து, பாட்டுச் சோதனை செய்து, பேட்சை மேலே சொன்னபடி அங்கேயே கட்டுவேன். அதற்குப் பிறகும் பாட்டே சரியாகக் கேட்கவில்லை என்றால்தான் புதுப் பெட்டி. 30,000க்குள் புதிதாகத் தேடுவதோடு, வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் விற்கும் பழையதையும் பாருங்கள். மாடலரையும் உங்கள் வயரையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் எதுவும் செருகாமல் ஆன் செய்து ஹார்னில் காதை வைத்துப் பாருங்கள், இரைச்சல் ஒரு மீட்டர் தள்ளியும் கேட்டால் வேண்டாம். பிறகு பாட்டு, பிறகு கிட்டார், இரண்டும் நல்ல சத்தத்தில். ஒரு கனமான நோட்டை நீட்டிப் பிடித்துப் பெட்டி எங்காவது அதிர்கிறதா என்று கேளுங்கள். கிரில் வழியாக முகர்ந்து பாருங்கள், கருகிய வாடை வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் (வாய்ஸ் காயில்) சூடு பட்டிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.